'வந்துட்டாய்ங்கய்யா': வடிவேலுவும் எங்கள் ஊர்ப் பன்மையும்

என்னிடம் வந்த கேள்வி இது: "நீங்கள் மதுரைக்காரர். வடிவேலுவுக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர் சிரிக்க வைத்திருக்கிறார்கள். இவருடைய காமெடி மட்டும் இருபது வருஷம் கழித்தும் ஏன் பழசாகவில்லை? இவர் வசனம் மட்டும் ஏன் எல்லார் வாயிலும் நிற்கிறது?"

இதற்குப் பெரும்பாலானோர் 'உடல்மொழி' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். பொய்யில்லை. ஆனால் நாகேஷுக்கும் அதையே சொன்னோம், சந்திரபாபுவுக்கும் அதையே சொன்னோம். அதனால் நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். ஒரு விகுதியில் தொடங்குகிறேன். இலக்கண வகுப்பு எடுக்கிறானே என்று பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான்.

எங்கள் ஊரில் 'வந்தார்கள்' என்பதை இரண்டு விதமாகச் சொல்வோம். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரைச் சொன்னால் 'வந்தாக'. தெருமுனையில் நின்று வம்பிழுக்கிற நாலு பயல்களைச் சொன்னால் 'வந்தாய்ங்க'. சென்னையில் இரண்டு பேருக்குமே 'வந்தாங்க'தான். திருநெல்வேலிக்குப் போனால் 'வந்தாவ'. ஒருமையிலும் எங்களுக்கு ஒரு தட்டு கூடுதல். 'வந்தான்' என்பதற்கும் 'வந்தாரு' என்பதற்கும் நடுவில் 'வந்தாப்ல' என்று ஒன்று உண்டு. அரை மரியாதை, அரை உரிமை. மச்சினன், கூட வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் அந்தத் தட்டில் வருவார்கள். யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்பது வினைச்சொல்லின் வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போது வடிவேலு வசனங்களை நினைத்துப் பாருங்கள். 'வந்துட்டாய்ங்கய்யா வந்துட்டாய்ங்க', 'கெளம்பிட்டாய்ங்கய்யா', 'ரூம் போட்டு யோசிப்பாய்ங்களோ'. அவருடைய எதிரி எப்போதும் பன்மை. ஒற்றை வில்லன் கிடையாது, 'அவய்ங்க'. மரியாதை கொடுக்க மனசு வராது, எதிர்த்து நிற்கத் தெம்பும் கிடையாது. அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் பேசுகிற பன்மை அது. கவுண்டமணி ஒரு ஆளைப் பார்த்துத் திட்டுவார். விவேக் ஒரு சமூகத்தைப் பார்த்துப் பேசுவார். வடிவேலுவோ ஒரு கும்பல் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துத் தனக்குத்தானே புலம்புவார். என் பதிலின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

அவர் பிறந்தது மதுரையில், 1960-ல். அப்பாவுக்குக் கண்ணாடி அறுத்துப் படம் மாட்டித் தருகிற வேலை. மகனும் அந்த வேலையைச் செய்தவர். சாமி படமோ தாத்தா படமோ, சட்டத்துக்குள் வைத்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது. வைரமுனைக் கட்டையால் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும், கை நடுங்கினால் கண்ணாடி போச்சு. அந்த வேலையையும் இவர் நடிப்பையும் முடிச்சுப் போட்டு நான் தத்துவம் பேசப் போவதில்லை. அந்தக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாள் முழுக்க வாசலில் ஆள் வந்துகொண்டே இருக்கும். பேரம் பேசுகிறவர், அவசரப்படுத்துகிறவர், செத்துப்போன அப்பாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறவர் என்று விதவிதமான ஆட்கள். மனிதர்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். உள்ளூர் நாடகங்களிலும் சின்னச் சின்ன வேஷம் கட்டியிருக்கிறார்.

நாடகம் என்றதும் மதுரைக்காரன் சும்மா இருக்க மாட்டான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான். அந்த மரபில் மிச்சமிருப்பது 'ஸ்பெஷல் நாடகம்'. பங்குனி, சித்திரையில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா நோட்டீஸைப் பார்த்தால் 'வள்ளி திருமணம்' என்று போட்டிருக்கும், கீழே நடிகர் பெயர்கள். 'ஸ்பெஷல்' என்றால் என்ன? அங்கே நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஹார்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் அந்த ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகையே இருக்காது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். எதிராளி என்ன கேட்பார் என்பது மட்டும் மேடையில் போய்த்தான் தெரியும்.

முதலில் வருபவர் பபூன். சின்ன வயதில் எங்கள் அம்மாச்சி ஊரில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் பாயை விரித்துப் பாதித் தூக்கத்தில் நாங்கள். பபூன் பாடிக்கொண்டே வந்தார், ஒரு சுற்று ஆடினார், மூச்சு வாங்கினார். அப்புறம் நேராக எங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். பஸ்ஸில் வந்தாராம், கண்டக்டர் சில்லறை கேட்டானாம், பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம், இவர் சும்மா திரும்பிப் பார்த்தாராம், அவளுடைய அண்ணன் தம்பிகள் நாலு பேர் பின் சீட்டில் இருந்தார்களாம். 'நாலு பேரு' என்றபோது அவர் குரல் இறங்கியது. இடது கை தானாகப் போய்க் கன்னத்தைத் தடவியது. அடி விழுந்ததைச் சொல்லவே இல்லை, தடவியதோடு சரி. மொத்த ஊரும் சிரித்தது. ஹார்மோனியக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அந்தக் கையைப் பிறகு நான் சினிமாவில் நூறு தடவை பார்த்துவிட்டேன். அடி வாங்கிய கதையை அடி வாங்கியவனே சொல்வது, சொல்லும்போதே நடிப்பது, நடுவில் பார்வையாளர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. இது பபூன் கலை. 'எவ்வளவு அடிச்சாலும் தாங்குறான், ரொம்ப நல்லவன்னு ஒருத்தன் சொல்லிட்டான்' என்று அழுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்ததைவிடப் பாராட்டியதுதான் அவரை வீழ்த்தியிருக்கிறது. அதை நமக்குச் சொல்வதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு முகமும் ஒரு விசும்பலும்தான்.

1988-ல் டி.ராஜேந்தரின் 'என் தங்கை கல்யாணி'யில் தலைகாட்டினார் என்றாலும், கணக்கு தொடங்குவது 1991-ல் ராஜ்கிரணின் 'என் ராசாவின் மனசிலே'வில்தான். கஸ்தூரிராஜா இயக்கியது. அப்போது கவுண்டமணி செந்தில் ஜோடி கொடிகட்டிப் பறந்த காலம். அந்த ஜோடிக்கு நடுவே மூன்றாவது ஆளாக நுழைந்தவருக்கு என்ன கிடைக்கும்? செந்தில் வாங்கியதுபோக மிச்சம் இருக்கிற உதை கிடைக்கும். 'சின்ன கவுண்ட'ரில் விஜயகாந்துக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். 'சிங்காரவேல'னில் கமல் கூட்டத்தில் ஒருவர்.

ஆனால் 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. இசக்கி வேஷம். பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறந்துவிட்ட விவகாரத்தில் ஒரு கையை இழப்பவன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, இனிமேல் சாப்பிடுவதும் கழுவுவதும் ஒரே கைதான் என்கிற மாதிரி ஒன்றைச் சொல்வான். தியேட்டரில் முதலில் சிரிப்பு வரும், ஒரு நொடி தள்ளி அது தொண்டையில் மாட்டும். முப்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த இசக்கி திரும்பி வரப்போகிறான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி கிராமத்துப் படங்கள். 1995-ல் 'எல்லாமே என் ராசாதான்' படத்தில் 'எட்டணா இருந்தா' பாட்டை இளையராஜா இசையில் அவரே பாடினார். பாடகர் குரல் இல்லை, திருவிழாக் குரல். வி.சேகர் படங்களில் குடும்பத்துக் கணவன் வேஷம் கிடைத்தது. 'காலம் மாறிப்போச்சு' 1996. சேரனின் 'பாரதி கண்ணம்மா'வில் (1997) பார்த்திபனோடு சேர்ந்தார். அந்தக் கூட்டணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பார்த்திபன் அடிப்பதில்லை, கேள்வி கேட்பார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதன் நேர்பொருளை மட்டும் எடுத்து மடக்குவார். வடிவேலு அப்பாவித்தனமாகப் பேச்சு வழக்கில் ஒன்று சொல்லியிருப்பார், அந்த வழக்கே அவருக்குக் கண்ணியாகிவிடும். 2000-ல் வந்த 'வெற்றிக் கொடி கட்டு' துபாய்க் காட்சிகளைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க மாட்டார். விவேகானந்தர் தெரு, துபாய் குறுக்குச் சந்து, துபாய் மெயின் ரோடு என்று ஒரு முகவரி வருமே, அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது? நம் ஊர் ஆள் கடல் தாண்டிப் போனாலும், முகவரி என்றால் அவன் மனசில் ஒரே ஒரு வடிவம்தான்: சந்து, மெயின் ரோடு, பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு. மதுரையில் மாட்டுத்தாவணிக்கோ பெரியார் நிலையத்துக்கோ பக்கம் என்று சொன்னால்தான் எங்களுக்கு எந்த இடமும் இடமாகும். துபாய்க்குக் கூலி வேலைக்குப் போய் வந்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இந்தக் காட்சி வரும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். அங்கே தான் இருந்த இடத்தின் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது, கம்பெனி வண்டி ஏற்றிப் போய் இறக்கிவிடும் என்பார்.

அடுத்த ஏழெட்டு வருஷம் அவர் கை ஓங்கியே இருந்தது. 2001 பொங்கலுக்கு சித்திக் இயக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்'. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த படம். அங்கே அந்த வேஷத்தை ஜெகதி ஸ்ரீகுமார் செய்திருந்தார், அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் கான்ட்ராக்டர் நேசமணியைத் தமிழ்ப் படுத்தியது வடிவேலுவின் அதட்டல். ஜமீன் பங்களாவுக்குப் பெயின்ட் அடிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். முதலாளி முன்னால் பவ்யம், ஆட்களைப் பார்த்துத் திரும்பினால் உறுமல். அதட்டுகிற குரலுக்குள்ளேயே 'இவய்ங்கள வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணப் போறேன்' என்கிற பீதியும் இருக்கும். சித்தாள் வைத்து வேலை வாங்கிய எந்த மேஸ்திரியையும் கேளுங்கள், அது நடிப்பில்லை என்பார். மேலேயிருந்து ரமேஷ் கண்ணா சுத்தியலை நழுவவிடுகிறார், அது நேராக இவர் மண்டையில் இறங்குகிறது. அடிபட்ட நொடியில் அவர் கத்துவதில்லை. கண் நிலைகுத்துகிறது, உடம்பு தன் பாட்டுக்கு நிற்கிறது, வலி மண்டையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கிறது. அந்தத் தாமதம்தான் கலை. கத்தியிருந்தால் சாதாரணக் காமெடி ஆகியிருக்கும்.

2003-ல் சுந்தர்.சி.யின் 'வின்னர்', கைப்புள்ள. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் உச்சம் இதுதான். '23ம் புலிகேசி' படம்தான் உச்சம் என்பவர்களோடு நான் சண்டைக்கு வர மாட்டேன், ஆனால் என் ஓட்டு கைப்புள்ளைக்கு. வருத்தப்படாத வாலிபர் சங்கம் என்று ஒரு சங்கம், அதற்கு இவர் தலைவர். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒன்று இருந்தது. ரசிகர் மன்றமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு நற்பணி மன்றம். கரும்பலகையில் பெயர், ஒரு கேரம் போர்டு, ஒரு தலைவர். தலைவருக்கு ஊருக்குள் ஒரு பைசா மரியாதை இருக்காது, மன்றத்துக்குள் மட்டும் ராஜா. அந்த ஆளை வடிவேலு அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். கட்டதுரையாக வரும் ரியாஸ்கானுக்கு முன்னால் நின்று, பேச்சு பேச்சாகத்தான் இருக்க வேண்டும், கோட்டைத் தாண்டி நீயும் வரக்கூடாது நானும் வர மாட்டேன் என்று ஒப்பந்தம் போடுவார். அதை மறுபடி பார்க்கும்போது வசனத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். வாய் முன்னால் போகும், கால் பின்னால் போகும். இடுப்புக்கு மேலே சண்டியர், இடுப்புக்குக் கீழே வீட்டுக்குப் போகத் துடிக்கிற ஆள். ஒரே உடம்பில் இரண்டு பேர்.

2004-ல் 'கிரி', 2005-ல் ரஜினியோடு 'சந்திரமுகி'. அப்புறம் 2006. ஜூனில் 'தலைநகரம்' வருகிறது, நாய் சேகர். போலீஸ் ஜீப்பைத் துரத்திக்கொண்டு ஓடி, நானும் ரவுடிதான், என்னையும் ஏற்று என்று கெஞ்சுகிற ரவுடி. ஜூலையில் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'. ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவனின் முதல் படம், தயாரித்தவர் ஷங்கர். அதே வருஷம்தான் 'எம்டன் மகன்'. அதில் மாமாவாக வந்து பாதிப் படத்தைத் தோளில் சுமந்தார்.

புலிகேசியில் அவருக்கு இரட்டை வேஷம். கோழை அரசனும், அவனைப் போலவே இருக்கிற புரட்சிக்காரன் உக்கிரபுத்தனும். சாதிச் சண்டை போட்டுக்கொள்ள அரசாங்கமே ஒரு மைதானம் கட்டிக் கொடுத்து அரசர் திறந்துவைக்கிற காட்சி, 'அக்கமாலா', 'கப்சி' என்று வெளிநாட்டுப் பானம் விற்கிற காட்சி எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்பில் இருந்தாலும் அன்றைய செய்தித்தாள்தான். அரசன் என்றால் யாருக்குப் பயப்படுவான் என்று நினைப்போம். இந்த அரசன் எல்லாருக்கும் பயப்படுகிறான், வெள்ளைக்காரனுக்கு மட்டுமில்லை, சொந்தக் குடிகளுக்கும். சிம்மாசனத்தில் உட்கார்ந்தபோதும் அவனுக்கு 'அவய்ங்க' இருந்தார்கள். அதனால்தான் அந்தப் படம் நின்றது. இரண்டு வருஷம் கழித்து 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' வந்தது, நிற்கவில்லை. 'தெனாலிராமன்', 'எலி', 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' எதுவும் நிற்கவில்லை. வயசாகிவிட்டது என்றார்கள், காலம் மாறிவிட்டது என்றார்கள். என் கணக்கு வேறு. அந்தப் படங்களில் அவர்தான் கதாநாயகன். எல்லாரையும் மடக்குகிறவர், ஜெயிக்கிறவர். பார்த்துப் பயப்பட எதிரில் ஒரு கும்பல் இல்லாவிட்டால் அந்தக் குரலுக்கு வேலையே இல்லை.

அரசியலைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, ஆனால் வேகமாகக் கடக்கிறேன். 2011 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்காக ஊர் ஊராகப் பிரச்சாரம் போனார். பேச்சின் குறி விஜயகாந்த். இரண்டு பேரும் மதுரைக்காரர்கள் என்பது எங்களுக்கு அப்போது பெரிய தர்மசங்கடம். டீக்கடையில் இரண்டு பக்கமும் பேச முடியாது. விஜயகாந்தின் தேமுதிக 29 இடங்களில் ஜெயித்து எதிர்க்கட்சி ஆனது. வடிவேலுவுக்குப் படங்கள் நின்றன. 2014-ல்தான் 'தெனாலிராமன்' வந்தது. அப்புறம் புலிகேசி இரண்டாம் பாகப் பிரச்சினை, அது தீர்ந்தது 2021-ல். ஒரு நடிகனின் ஐம்பது வயதிலிருந்து அறுபது வயது வரை அப்படியே போனது.

விசித்திரம் என்னவென்றால், அவர் இல்லாத அந்தப் பத்து வருஷத்தில்தான் அவர் எங்கும் இருந்தார். ஆதித்யா, சிரிப்பொலி என்று நகைச்சுவைக்கே தனிச் சேனல்கள், அதில் காலை முதல் ராத்திரி வரை அவர். அதற்கும் முன்பே, இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறை ஆபீஸ் வேலைக்கு 'ஆணி' என்று பெயர் வைத்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் தேவையில்லாத ஆணி எது என்று ஒரு வாக்குவாதம் வருமே, அதிலிருந்து வந்தது. 'இன்னைக்கு ஆணி ஜாஸ்தி' என்றால் வேலை அதிகம் என்று அர்த்தம். பெங்களூரில் உட்கார்ந்து கோடு எழுதுகிற பையனும் நேசமணியின் ஆளாகவே தன்னை நினைத்துக்கொண்டான். அவர் அழுகிற சத்தத்தை எழுத்தில் 'அவ்வ்வ்வ்' என்று எழுதினார்கள். ஒரு நடிகரின் அழுகைக்கு எழுத்துக்கூட்டலே பிறந்தது. 'மங்குனி' என்ற சொல் அமைச்சர்களோடு போய் ஒட்டிக்கொண்டது. 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' 2013-ல் ஒரு படத்துக்குத் தலைப்பு, 'நானும் ரவுடிதான்' 2015-ல் இன்னொரு படத்துக்கு. அப்புறம் மீம். ஒவ்வொரு உணர்ச்சிக்கும் அவர் முகத்தில் ஒரு படம் இருந்தது. அவமானம், அல்பச் சந்தோஷம், அடிவாங்கப் போகிறோம் என்று தெரிந்த முகம், தெரியாத மாதிரி நடிக்கிற முகம்.

2019 மே மாதக் கடைசியில் நடந்ததை எல்லாரும் அறிவார்கள். பாகிஸ்தானில் நடத்தப்பட்ட ஒரு சிவில் இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள். நம் ஆள் ஒருவர் போய், இது சுத்தியல், எதன் மேல் அடித்தாலும் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை இதனால்தான் உடைந்தது என்று பதில் போடுகிறார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று யாரோ விசாரிக்க, உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தித்தது. பிரதமர் இரண்டாவது முறையாகப் பதவியேற்ற அதே நாளில் டிவிட்டரில் நேசமணிதான் மேலே இருந்தார். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய படத்தில் வந்த ஒரு கதாபாத்திரம். வடநாட்டு நண்பர் ஒருவர் எனக்கு போன் போட்டு, இந்த மனிதர் உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று கேட்டார். ஐசியூவில் இருப்பதாகச் சொன்னேன்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. கறுப்பு நிறத்தை, குண்டு உடம்பை, பெண்ணின் தோற்றத்தை வைத்துச் சிரிப்பு மூட்டிய காட்சிகள் அவரிடம் ஏராளம். இப்போது என் மகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது சில இடங்களில் ரிமோட்டைத் தேடுகிறேன். அன்றைக்குத் தியேட்டரில் நானும் சிரித்தவன்தான், அதை மறைக்க முடியாது. 2006-க்குப் பிறகு ஒரே அச்சில் வார்த்த காட்சிகளும் நிறைய வந்தன. ஆனால் அவர் தனியாகச் சிரிக்க வைத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. போண்டா மணி, வெங்கல் ராவ், முத்துக்காளை, மதுரையில் 2017-ல் காலமான அல்வா வாசு என்று அவரைச் சுற்றி நின்ற அந்தக் கூட்டம் இருக்கிறதே, அவர்கள்தான் அந்த 'அவய்ங்க'. ஒரு பார்வையில், ஒரு கேள்வியில் இவரைப் பள்ளத்தில் தள்ளியவர்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு பேச்சில்கூடக் கிடைப்பதில்லை.

மதுரைக்காரனாக ஒரு மனத்தாங்கலையும் இங்கே இறக்கி வைக்கிறேன். 2000-க்குப் பிறகு தமிழ் சினிமாவில் மதுரை என்றாலே அரிவாள். சட்டையின் பின்காலருக்குள்ளிருந்து உருவுவார்கள், வெள்ளைச் சுமோவில் வருவார்கள், பேசுவதற்கு முன்னால் வெட்டுவார்கள். 'சுப்ரமணியபுரம்' மாதிரி நல்ல படங்களும் அதில் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியூரில் வீடு வாடகைக்குக் கேட்கும்போது 'மதுரையா?' என்று ஒரு இழுவை இழுப்பார்களே, அது அங்கிருந்து வந்தது. நான் பார்த்த மதுரையில் பத்துச் சண்டை தொடங்கினால் ஒன்பது 'யார்கிட்ட பேசுற தெரியுமா' என்பதோடு முடிந்துவிடும். கைலியை மடித்துக் கட்டுவார்கள், கையை ஓங்குவார்கள், யாராவது வந்து பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். யாராவது பிடித்துவிட்டால் இன்னும் துள்ளுவார்கள். அந்த ஒன்பது சண்டையையும் திரையில் காட்டியவர் வடிவேலு ஒருவர்தான். பத்தாவதைக் காட்ட நிறையப் பேர் இருந்தார்கள். பின்னாலேயே ராஜாக்கூரிலிருந்து சூரி வந்தார், 2009-ல் 'வெண்ணிலா கபடி குழு' பரோட்டாவோடு. பேச்சு அதே மதுரை. ஆனால் சூரி கூட்டத்துக்குள் நிற்கிற ஆள், நண்பன். வடிவேலு கூட்டத்துக்கு வெளியே நிற்கிற ஆள். இரண்டும் வேறு வேறு பயம்.

இனி இசக்கி. 2023 ஜூன் கடைசியில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்'. 'தேவர் மகன்' இசக்கிதான் என் மாமன்னன் என்று அவரே கமல் இருந்த மேடையில் சொன்னார். ரஹ்மான் இசையில் 'ராசா கண்ணு' என்று வடிவேலு பாடிய பாட்டு படத்துக்கு முன்பே வந்துவிட்டது. எட்டணாப் பாட்டின் அதே குரல், இந்தத் தடவை ஒப்பாரிக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகு சுந்தர்.சி.யோடு 'கேங்கர்ஸ்', ஃபகத் பாசிலோடு 'மாரீசன்' என்று 2025 வரை வந்துவிட்டார். 'மாரீச'னில் ஞாபக மறதி நோய்க்காரர். நல்ல நடிப்பு. ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது 'மாமன்ன'னைத்தான்.

மதுரையில் ஒரு தியேட்டரில், இரண்டாவது நாள் மதியக் காட்சி. பக்கத்து சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவர், பேரனோடு வந்திருந்தார். படம் தொடங்கியதும் பேரனைத் தட்டி, "இந்தா வர்றான் பாரு வடிவேலு" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. எம்எல்ஏ, வெள்ளைச் சட்டை, அடங்கிய குரல். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார் பெரியவர். "என்னடா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறான்" என்று முணுமுணுத்தார். அப்புறம் அந்த வீட்டுக் காட்சி. எதிரில் ஃபகத் உட்கார்ந்திருக்கிறார், மகன் உட்கார்ந்திருக்கிறான், அப்பா மட்டும் நிற்கிறார். உட்காருப்பா என்று மகன் சொல்கிறான். நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது. வடிவேலுவின் உடம்பு உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. கைப்புள்ளயின் அதே இடுப்புதான், மேலே ஒருவன் கீழே ஒருவன். ஆனால் தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை.

இடைவேளையில் விளக்குப் போட்டதும் பேரன் பாப்கார்ன் கேட்டான். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனிடமோ என்னிடமோ இல்லாமல் பொதுவாகச் சொன்னார்:

"நம்ம வடிவேலு நல்லா நடிச்சிருக்காகப்பா."